சருகு வாரும் டிராக்டர்: எந்த ரேக் வாங்கலாம்?

மாசி பாதி தாண்டினால் போதும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையில், கம்பெனி மதில்களுக்கு உள்ளே புங்கையும் வேம்பும் போட்டி போட்டுக்கொண்டு இலையைக் கொட்டும். காலையில் பெருக்கிய இடம் மத்தியானத்துக்குள் மறுபடி பழுப்பாகிவிடும். பங்குனிக்குள் புதுத் தளிர் வந்துவிடும் என்பது உண்மைதான். அதுவரை யார் பெருக்குவது? பெருக்கியதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

ஓரகடம் என்றால் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சருகு யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998ல். ஓரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது 2010ல். ராயல் என்ஃபீல்டு அங்கே உற்பத்தியைத் தொடங்கியது 2013ல். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும் பெரிய திட்டங்களுக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமைப் பட்டை வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இருந்துவந்த வழக்கமான நிபந்தனை. இந்த வட்டாரத்தில் அந்தக் காலத்தில் நட்ட கன்றுகள் எல்லாம் இன்று ஆளுயரத்தைத் தாண்டிப் பெரிய மரங்கள் ஆகிவிட்டன. மரம் வளர்ந்தால் நிழல் மட்டுமா வரும்? சருகும் வரும்!

இப்போது ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம். வல்லம், வடகால், மாத்தூர், எழிச்சூர் எந்தப் பக்கம் போனாலும் இந்த மாதிரி ஒருவர் இருப்பார். நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மீதியில் ஒரு போகம் நெல். 40 எச்.பி. டிராக்டர் ஒன்று, வருடத்தில் பாதி நாள் கொட்டகையில் நிற்கிறது. பக்கத்துக் கம்பெனி ஒன்றில் தோட்டப் பராமரிப்பை எடுத்த காண்ட்ராக்டர் வந்து கேட்கிறார்: "பதினஞ்சு ஏக்கர் இருக்கு. சருகு வார்றதுக்கு டிராக்டர்ல ஏதாவது மாட்டி ஓட்ட முடியுமா?"

மாட்டலாம். எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி.

டிராக்டர் ரேக் என்று தேடினால் அமெரிக்க வீடியோக்கள்தான் வரிசையாக வரும். அங்கே இலை கொட்டுவது அக்டோபர், நவம்பரில். அகலமான இலை, அடர்த்தியான புல், ஈரமான மண். இந்த ஊரில் இலை கொட்டுவதே வெயில் ஏறும் காலத்தில். மண் பொடியாகக் காய்ந்திருக்கும். அங்கே அழகாக ஓடுகிற அதே ரேக் இங்கே ஓடினால் பாதி சருகு, பாதி செம்மண் புழுதி. எனவே வீடியோவைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம்!

ரேக் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வரிசையாகப் பல் வைத்த ஒரு வாரி, அவ்வளவுதான். ஆனால் அதில் ரகம் உண்டு.

முதல் ரகம், வளைந்த தட்டைப் பற்களை ஒரு சட்டத்தில் நெருக்கமாக வைத்த ரேக். லேண்ட்ஸ்கேப் ரேக் என்று விற்பார்கள். கனமானது. இலையோடு கல், வேர், சுள்ளி எல்லாவற்றையும் இழுத்து வரும். புயலுக்குப் பிறகு கிளையும் குப்பையுமாகக் கிடக்கிற தரைக்கு இது ராஜா. 2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் அடித்த மாதிரி ஒரு நாள் வந்தால், மரம் அறுப்பவர்கள் தடிகளை எடுத்துப் போன பிறகு மிச்சத்தை வாரிக் குவிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் புல்தரையில் அழுத்தி ஓட்டினால் புல்லையும் பெயர்த்துவிடும்.

இரண்டாவது, சுருள் கம்பிப் பற்கள் வைத்த லேசான ரேக். அமெரிக்காவில் பைன் மரச் சருகு வாருவதற்கு வைத்திருக்கிறார்கள். இங்கே பைன் ஏது? ஆனால் சவுக்குத் தோப்பு உண்டே! ஊசி மாதிரி விழுகிற சவுக்குச் சருகுக்கும், புல் மேல் கிடக்கும் புங்கை இலைக்கும் இந்தப் பல் பொருந்தும். மேட்டில் பட்டால் வளைந்து கொடுத்துவிட்டு மறுபடி நிமிரும். மண்ணைக் குறைவாகவே கிளறும்.

மூன்றாவது, வைக்கோல் ரேக். நெல் அறுவடைக்குப் பிறகு, வைக்கோல் கட்டும் மெஷின் வருவதற்கு முன்னால், சிதறிக் கிடப்பதை வரிசையாகக் கூட்டிவிடுவது. இதிலும் இரண்டு விதம். விரல் மாதிரி கம்பி நீட்டிய சக்கரங்கள் தரையில் உராய்ந்து தானாகவே சுற்றுவது ஒன்று. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு சுற்றிவிடுவது இன்னொன்று. இரண்டாவது சுத்தமாக வாரும், விலையும் அதிகம். இரண்டுமே திறந்தவெளிக் கருவிகள். பத்தடிக்கு ஒரு மரம் நிற்கிற இடத்தில் திரும்ப முடியாமல் முழிக்கும்.

தார்ச் சாலைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் மேலே சொன்ன எதுவுமே வேண்டாம். இரும்புப் பல் தாரைக் கீறும், கல்பாவிய தரையில் தேயும். அங்கே சுழலும் பிரஷ் வைத்த பெருக்கும் மெஷின், இல்லாவிட்டால் பழைய தென்னந்துடைப்பம்தான்.

அடுத்து, இலையின் அளவு. விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாத விஷயம் இது. ரேக்கின் பற்களுக்கு நடுவே விரல் அகல இடைவெளி இருக்கும். வாதுமை இலை, தேக்கு இலை, புங்கை இலை எல்லாம் மாட்டிக்கொள்ளும். தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலையும் பெருங்கொன்றையின் பொடி இலையும் சல்லடையில் மாவு இறங்குகிற மாதிரி இறங்கிவிடும். கம்பெனியில் நிற்பது பெரும்பாலும் தூங்குமூஞ்சி என்றால் ரேக் வாங்குவது வீண் செலவு. தென்னை மட்டையும் பனை ஓலையும் நேர் எதிர். பல்லில் குறுக்கே மாட்டிக்கொண்டு மற்றதை எல்லாம் தள்ளிக்கொண்டே போகும். அவற்றை முதலில் கையால் பொறுக்கிவிட வேண்டும்.

தொழிற்பேட்டைக்கே உரிய குப்பை இன்னொன்று இருக்கிறது. பெட்டிகளைக் கட்டி வருகிற பிளாஸ்டிக் பட்டை. இது பி.டி.ஓ. தண்டில் சுற்றிக்கொண்டால் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். ஓடும்போது கை வைத்தால் கை போய்விடும். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் வேட்டியும் அப்படித்தான். தண்டுக்கு மேல் மூடி இல்லாத கருவியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

சரி, மாட்டுவது எப்படி? டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு கை, மேலே ஒரு கம்பி, மொத்தம் மூன்று இடத்தில் கருவியைப் பிடிக்கும் முறை ஹாரி பெர்குசன் என்கிற ஐரிஷ்காரர் கொண்டுவந்தது. 1939ல் ஃபோர்டு டிராக்டரில் வந்து உலகம் முழுக்கப் பரவியது. சென்னை செம்பியத்தில் 1960ல் ஆரம்பித்த டாஃபே, மாஸி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்து அந்தப் பெயரை இந்த ஊர்க் கழனிகளுக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு எந்தக் கம்பெனி டிராக்டரிலும் இதே மூன்று புள்ளி லிங்கேஜ்தான்.

ஆனால் அளவில் வித்தியாசம் உண்டு. சின்ன வண்டிகளுக்கு வகை 1: கீழ்க் கையின் பின் 22 மில்லிமீட்டர், டாப் லிங்க் பின் 19. பெரிய வண்டிகளுக்கு வகை 2: கீழே 28, மேலே 25. 40 எச்.பி. பக்கம் வருகிற வண்டிகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வண்டியில் எது இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

அகலம்? பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை மறைத்தால் போதும். இல்லாவிட்டால் டயர் மிதித்த சருகு தரையோடு ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஆறடி. இழுக்க 40 எச்.பி. தாராளம், இதில் பாதி இருந்தாலே ஓடும். பிரச்சினை சக்தி இல்லை, எடை. ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கிற வண்டி, தண்ணீர் பாய்ச்சிய புல்தரையில் ஏறினால் தடம் பதிந்துவிடும். அதனால் தண்ணீர் விட்ட மறுநாள் ஓட்டக்கூடாது.

எதில் காசைக் குறைத்தாலும் இரண்டில் குறைக்கக் கூடாது. ஒன்று, ரேக்கின் பின்னால் உயரத்தைத் தாங்கிப் பிடிக்கும் சின்னச் சக்கரங்கள். அவை இருந்தால்தான் பல் தரையைத் தடவிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் ஹைட்ராலிக் லிவரில் கை வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும், ஒவ்வொரு மேட்டிலும் பல் மண்ணைக் கடிக்கும். இரண்டு, பல்லின் இரும்பு. ஸ்பிரிங் ஸ்டீல் வளைந்து நிமிரும். சாதா இரும்பு வளைந்தால் வளைந்ததுதான். பக்கத்துப் பட்டறையில் சொல்லிச் செய்தால் விலை குறையும், தப்பில்லை. ஆனால் பல்லைச் சட்டத்தோடு வெல்டிங் வைக்கச் சொல்லக் கூடாது. சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங் ஸ்டீல் தன் குணத்தை இழந்து உடையும். போல்ட் போட்டால் ஒரு பல் உடைந்தாலும் அதை மட்டும் மாற்றலாம்.

இனி வேகக் கணக்கு. ஆறடி என்பது சுமார் 1.8 மீட்டர். சருகு ஒரு பக்கம் ஒதுங்குவதற்காக ரேக்கைச் சாய்த்து வைத்தால் வாரும் அகலம் ஒன்றரை மீட்டர் நிற்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 5000 x 1.5 = 7500 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். ஆக மணிக்கு ஒன்றேமுக்கால் ஏக்கருக்கு மேல்! காகிதத்தில்தான். மரத்தைச் சுற்றி, விளக்குக் கம்பத்தைச் சுற்றி ஓட்டும்போது ஒரு ஏக்கர் கிடைத்தாலே பெரிது. அப்படியும் பதினைந்து ஏக்கரை இரண்டு நாளில் வாரிவிடலாம்.

டிராக்டர்காரர் சந்தோஷமாக இந்தக் கணக்கைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெருக்குகிற அக்கா ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார். பேச்சு இப்படித்தான் போகும்:

"ஏம்பா, இந்த மெஷின் வந்துட்டா எங்கள்ல எத்தினி பேரை நிறுத்துவாங்க?"

"நிறுத்த மாட்டாங்கக்கா. வாரி வெச்சதை அள்ளிப் போட ஆள் வேணுமே."

"அள்றதுக்குத்தான்பா இடுப்பு ஒடியுது. பெருக்குறது கூடப் பரவால்ல."

இந்த ஒரு வரியில் மொத்த விஷயமும் இருக்கிறது. ரேக் சருகைக் கூட்டும், தூக்காது. தளர்வாகக் கிடக்கும் காய்ந்த சருகு ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோவைத் தொடுவதே கஷ்டம். டன் கணக்கில் செங்கல் ஏற்றும் பெட்டியில் சருகைக் குவித்தால் சில நூறு கிலோதான் பிடிக்கும். நாலடி உயரப் பெட்டிக்குள் கூடை கூடையாக அள்ளிப் போட வேண்டும். குவியலுக்குள் கண்ணாடி விரியன் இருக்கலாம், உடைந்த பாட்டில் இருக்கலாம். வைக்கோல் கட்டும் மெஷினில் விட்டு உருட்டிவிடலாமே என்றால் அதுவும் நடக்காது. வைக்கோல் நீளமாக இருப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. இலை நிற்காமல் உதிர்ந்துவிடும்.

மெஷின் வந்த பிறகு குவியல் சீக்கிரம் சேர்கிறது, அள்ளுவது பழைய வேகத்திலேயே நடக்கிறது. சாயங்காலம் இருபது குவியல் மிச்சம். அப்புறம் என்ன நடக்கும்? யாரோ ஒருவர் தீக்குச்சியைக் கிழிப்பார்.

சருகு எரிப்பதைப் பலர் குற்றமாகவே நினைப்பதில்லை. ஆனால் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 அதைத் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பர் 22ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று நாடு முழுவதற்கும் சொன்னது. அபராதத்தை விடுங்கள். 2018 போகி அன்று காலையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பி விடப்பட்டது ஞாபகம் இருக்கும். ஒருநாள் காலைப் புகைக்கே அந்தக் கதி. கம்பெனி மதிலோரம் தினமும் மூளுகிற சின்ன நெருப்பின் புகையை யார் குடிக்கிறார்கள்? ஏசி ஹாலில் இருப்பவர் இல்லை. பக்கத்தில் நின்று கிளறிவிடுகிற அதே அக்காதான்.

ஆகவே ரேக் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை அடி, எத்தனை பல் என்பதில்லை. சருகு கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும்? அது தெரிந்தால் ரேக் எது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வளாகத்துக்குள்ளேயே ஒரு ஓரத்தில் மக்கவிடுவதாக இருந்தால், சட்டத்தை 180 பாகை திருப்பி வைக்கக்கூடிய ரேக்கைத் தேட வேண்டும். முன்னால் ஓட்டும்போது வாரிச் சேர்க்கும். திருப்பி வைத்து ரிவர்ஸில் வந்தால் குவியலை அப்படியே தள்ளிக்கொண்டு போய் எருமேட்டில் விட்டுவிடும். பெட்டியில் ஏற்றுகிற வேலை பெரும்பாலும் இல்லை, இடுப்பு ஒடிவதும் இல்லை. ரிவர்ஸில் வரும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

எருவாக்குவதற்குச் சருகு சுத்தமாக இருக்க வேண்டும். கல்லும் மண்ணும் கலந்த எருவை யாரும் வாங்க மாட்டார்கள். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ரேக்கை வாங்குவதற்கு முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து முப்பது மீட்டர் ஓட்டிப் பாருங்கள். சேர்ந்த குவியலில் இரண்டு கை அள்ளி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். இலை மிதக்கும், மண்ணும் சரளையும் அடியில் தங்கும். வாளியின் அடி தெரியாத அளவுக்கு மண் தங்கினால் டாப் லிங்க்கைத் திருகிப் பல்லின் சாய்வை மாற்றி, சக்கரத்தை ஒரு துளை இறக்கி மறுபடி ஓட்ட வேண்டும். அப்போதும் மண் வந்தால் அந்த ரேக் அந்தத் தரைக்கு ஆகாது. விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போது ஓட்டினால் புழுதி குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த ஒருநாள் வாடகை ரேக் எங்கே கிடைக்கும்? இந்த மாவட்டத்தில் சம்பா அறுப்பு தை, மாசியோடு முடிகிறது. நவரை அறுப்பு வருவது சித்திரை வாக்கில். இரண்டுக்கும் நடுவில் வைக்கோல் ரேக்குகள் சும்மா நிற்கும். இலை கொட்டுவதும் சரியாக அதே இடைவெளியில்தான்! திறந்த புல்வெளி அதிகம் உள்ள வளாகம் என்றால் முதல் வருடம் எதுவும் வாங்காமல் வைக்கோல் ரேக் வைத்திருப்பவரிடம் பேசிப் பார்க்கலாம். போகும் முன் டிராக்டரின் ஆர்.சி. புத்தகத்தையும் காப்பீட்டையும் புரட்டிப் பார்ப்பது அவசியம். விவசாய உபயோகத்துக்கு என்று பதிவான வண்டி கம்பெனிக்குள் காண்ட்ராக்ட் வேலையில் விபத்துக்குள்ளானால் இழப்பீட்டில் சிக்கல் வரும்.

அக்கா கேட்ட முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆளை நிறுத்துவார்களா? ரேக்கின் விலையை ஆள் குறைப்பிலிருந்து எடுக்க நினைக்கும் காண்ட்ராக்டர் நிறுத்தத்தான் செய்வார், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் எருமேடு போட்டால் அதற்குச் சாணம் கரைத்துத் தெளிக்க வேண்டும், சில வாரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், கடைசியில் சலித்து மூட்டை கட்ட வேண்டும். சருகு மட்டும் போட்டால் மக்க மாதக்கணக்கில் ஆகும், அதனால் வேலை பங்குனியோடு முடியாது. சருகைக் கொளுத்திவிட்டால் அதோடு அந்த வேலையும் போய்விடும். டிராக்டர்காரர் விலை பேசும்போது எருமேட்டையும் சேர்த்துப் பேசினால் நாலு பேருக்கும் வேலை நிற்கும், அவருக்கும் வருடம் முழுக்க வண்டி ஓடும்.

இந்தப் பக்கத்துக் கழனிகளுக்குத் தழையுரம் புதிதும் இல்லை. நடவுக்கு முன் புங்கந்தழையும் வேப்பந்தழையும் வெட்டிப் போட்டுச் சேற்றில் மிதித்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அதே புங்கை இப்போது மதிலுக்கு உள்ளே நிற்கிறது, நெல் மதிலுக்கு வெளியே நிற்கிறது. டிராக்டர்காரருக்கோ மதிலுக்கு அந்தப் பக்கம் மீதி நிலம் இருக்கிறது. எரு தயாரானதும் முதல் பெட்டி லோடு யாருக்கு என்று இப்போதே பேசி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்!